கேட்டுக் கேட்டு மாற்றுகிறவர்

பெரிய காரியங்களைச் செய்தவர்களின் வாழ்க்கையை எழுத ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். 'பார்கோடு' என்ற சொல்லின் நடுவே கோடு போடுவதா, இடம் விடுவதா, ஒட்டியே எழுதிவிடுவதா என்ற கேள்விக்கு வாலிபம் முழுவதையும் கொடுத்த ஒருவரைப் பற்றி எழுத யாரும் முன்வரவில்லை. அந்தக் குறையை இந்தப் பக்கங்கள் இயன்ற அளவு தீர்த்துவைக்கும்.

அலுவலகத்தில் அவருக்குக் கோடு சார் என்று பெயர். சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி அது. என்ன சரக்கு வந்தது, எந்த அலமாரியில் இருக்கிறது, எது தீர்ந்துபோனது என்று அந்த மென்பொருள் கணக்கு வைக்கும். அதை எப்படி இயக்குவது என்று சொல்லும் கையேடு தலையணை கனம் இருக்கும். சில கிடங்குகளில் அது மதிய வேளைகளில் தலையணையாகவே பயன்படுவதாகவும் தகவல் உண்டு.

கையேட்டைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து எழுதுவார்கள். எனவே அது பத்துப் பன்னிரண்டு மாதிரி இருக்கும். ஒருவர் 'உள்நுழை' என்று எழுதுவார். அடுத்தவர் 'உள் நுழை' என்று மூச்சு விட இடம் கொடுப்பார். மூன்றாமவர் 'உட்புகுக' என்று எழுதிவிட்டு, இலக்கியம் படைத்த களைப்போடு டீ குடிக்கப் போவார். இத்தனை பேர் எழுதியதையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே மனநிலையில் எழுதியதுபோல ஆக்குவதுதான் கோடு சாரின் உத்தியோகம்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் கிடங்கு வாசலில் போய் நிற்க வேண்டும். கையேட்டில் 'பார்கோடு' என்று தேடுகிறார் ஒரு சிப்பந்தி. கையேட்டில் 'பார்-கோடு' என்று இருக்கிறது. அப்படி எதுவுமே இல்லை என்று கணினி கையை விரித்துவிடுகிறது. வெளியே லாரி நிற்கிறது. லாரி ஓட்டுநர் அப்போது உதிர்க்கும் சொற்களில் எழுத்துப்பிழை இருக்காது, கோடும் இருக்காது.

கோடு சாருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒரு முறை அவசரப்பட்டார். திரையில் விரலால் 'தட்டு' என்று இருந்ததை எல்லாம் 'சொடுக்கு' என்று மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு. 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். மறுநாள் கையேடு, சரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "சரக்குச் சொடுக்குப்பாடு ஏற்பட்டால் கலங்க வேண்டாம்" என்று ஆறுதல் கூறியது. தட்டுமுட்டுச் சாமான்கள் சொடுக்குமுட்டுச் சாமான்களாகி இருந்தன. அந்த மனிதர் வேறு துறைக்கு மாற்றலாகிப் போனார். அவரும் எல்லாவற்றோடும் சேர்த்து மாற்றப்பட்டார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அதனால் கோடு சார் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. 'கேட்டுக் கேட்டு மாற்று' என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. அது ஒவ்வொரு இடமாகப் போய் நின்று, இதை மாற்றவா என்று கேட்கும். அவர் முன்னும் பின்னும் உள்ள வரியைப் படிப்பார், யோசிப்பார், ஆம் என்பார். அடுத்தது. மறுபடி படிப்பார், யோசிப்பார். ஒரு சொல்லுக்கு ஒரு பகல் போகும். "எந்தச் சொல்லையும் அதைக் கேக்காம மாத்தக்கூடாதுங்க" என்று புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்வார். கொள்கை உள்ள மனிதர் என்று பெயர் எடுத்திருந்தார்.

இந்தக் கொள்கையை நம்பாதவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் அதே கம்பெனியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்துக் கூடத்தில், திரையில் தோன்றும் சொற்களை எழுதுகிறவர். பொத்தானில் என்ன இருக்க வேண்டும், எச்சரிக்கையில் என்ன வர வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. திரை மேடம் என்று கூப்பிடுவார்கள். கோடு சாரின் கூடப்பிறந்த தங்கை.

திரையில் இருப்பதும் கையேட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். எங்கே வேறுபட்டாலும் ஒரு டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் என்றால் குறை சொல்லும் முறையீடு. கணினியில் பதிவு செய்தால் அது வரிசையில் போய் நிற்கும், கம்பெனி முழுக்கப் பார்க்கலாம். அண்ணனும் தங்கையும் அப்பா இறந்த நாளிலிருந்து நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தினம் டிக்கெட் போட்டுக்கொண்டார்கள். "பொத்தானில் 'சேமி' என்றும் கையேட்டில் 'சேமிக்கவும்' என்றும் உள்ளது. ஒருமைப்படுத்தவும்." "ஏற்க இயலாது. காரணம்: பொத்தானில் இடமில்லை." இப்படி அவர்களுக்குள் நடந்த கடிதப் போக்குவரத்து காதலர்களுக்கே பொறாமை தரக்கூடிய அளவில் இருந்தது.

அப்பா விஷயம் இதுதான். அவருக்குத் தலையில் இரத்தம் கசிந்தது. உடனே அறுக்கலாம், அறுக்காமலும் பார்க்கலாம், இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை என்றார்கள். தங்கை வேலையாக வெளியூரில் இருந்தாள். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அப்பா அறுவை மேசையிலிருந்து கண் திறக்காமலே வந்தார், போனார். தங்கைக்கு எத்தனையோ தடவை போன் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று அண்ணன் எல்லாரிடமும் சொன்னார். தங்கை வந்து இறங்கி, அவரைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் பிறகு வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது.

அம்மா பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ளே போங்க, உள்ளே போங்க, உள்ளே எல்லாம் காலியாத்தான் கிடக்கு" என்று நெரிசலைப் பார்த்து வாய் கூசாமல் சொல்லிப் பழகிய குரல். பிள்ளைகள் இருவரும் கூப்பிட்டும் போகாமல் சொந்த அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். மகன் காலையில் வருவார், மகள் சாயங்காலம் வருவாள். ஒருவர் படியில் இறங்கும்போது இன்னொருவர் ஏறாதபடி அந்தக் கால அட்டவணையை அம்மாவே நிர்வகித்தார். பிள்ளைகளின் டிக்கெட் சமாசாரத்தைக் கேள்விப்பட்டபோது, "நான் குடுத்த டிக்கெட்டுக்காவது ஜனங்க இறங்கினாங்க. உங்க டிக்கெட்டுக்கு ரெண்டு பேரும் இறங்கி வர மாட்டேங்கிறீங்களே" என்றார்.

அந்த அம்மாதான் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். எலும்பு டாக்டர் கோடு சாரைக் காலையில் பார்த்தார். "இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணினா எழுந்து நடக்கலாம். ஆனா இதயம் கொஞ்சம் பலவீனம், மயக்க மருந்தைத் தாங்கணும். பண்ணலைன்னா படுக்கைதான். படுக்கையில கிடந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண் வரும். ரொம்பத் தள்ளிப்போடாதீங்க. இந்த வாரத்துக்குள்ள முடிவு சொல்லுங்க."

கோடு சாருக்கு ஒரு தடவை பட்டது போதும் என்று இருந்தது. "வேணாம்மா. கத்தியே வேணாம். நான் கூட இருந்து பாத்துக்கிறேன்" என்றார். சாயங்காலம் வந்த மகள், "பண்ணிடலாம்மா. படுத்தே கிடக்கிற ஆளா நீ?" என்றாள். மறுநாள் காலையில் வேண்டாம். சாயங்காலம் வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா மகனின் முழங்கையைப் பிடித்தார்.

"டேய். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரே வண்டிக்கு ரெண்டு டிரைவர், அதுவும் ஆளுக்கொரு ஸ்டீயரிங். நான் எங்கடா போறது?"

"உன் இஷ்டம் என்னவோ அதைச் சொல்லும்மா. உன் உடம்புதானே."

"உடம்பு என்னோடதுதான். அப்புறம் பேசப்போறது நீங்கதானே? நீ சொல்லி நான் போய்ட்டா, அவ ஆயுசுக்கும் உன் சட்டையைப் பிடிப்பா. அவ சொல்லிப் போய்ட்டா நீ பிடிப்ப. அப்பா விஷயத்துலயே பாத்தாச்சு, அலுத்துப்போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து ஒரே வார்த்தை சொல்லுங்க. வேணும்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. அப்ப நான் போனாலும் சேர்ந்து உக்காந்து அழுவீங்க. அதுவரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. காலையில் எப்போதும் வாங்கும். பிறகு மகனைப் பார்த்துச் சிரித்தார்.

கோடு சார் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். தங்கையின் எண்ணைப் பார்த்தார். எழுத்துகளை அடுக்கிப் பிழைக்கிற அந்த மனிதருக்கு "ஹலோ"வுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியவில்லை. அவளோடு பேச அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போனை வைத்துவிட்டு டிக்கெட் போட்டார்.

தலைப்பு: "அம்மா: இரண்டு இடங்களில் இரண்டு முடிவுகள்." எதிர்பார்க்கும் விளைவு என்ற இடத்தில், இருவரும் ஒன்றாகச் சென்று ஒரே பதில் சொல்வது என்று எழுதினார். உண்மையில் நடப்பது என்ற இடத்தில், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவசரம்: உச்சம். அறுவை சிகிச்சை குறித்து டாக்டர் சொன்னதை மூன்று வரியில் எழுதி, ஒருமைப்படுத்தவும் என்று முடித்து, தங்கையின் பெயருக்கு அனுப்பினார்.

டிக்கெட்டுகளை ஒழுங்கு செய்ய ஒருவர் இருந்தார். வரிசைக்காரர் என்று பெயர். கடமை தவறாதவர், எதையும் கண்ணை மூடிக்கொண்டு நிராகரிப்பதில்லை, விதிப்படி கண்ணைத் திறந்துகொண்டுதான் நிராகரிப்பார். அவர் டிக்கெட்டின் கீழே, "எந்தப் பதிப்பு என்று குறிப்பிடவில்லை" என்று எழுதினார். கோடு சார் பதில் எழுதினார்: "ஒரே பதிப்புதான். மாற்றுப் பிரதி கிடையாது." வரிசைக்காரர் அதன்பின் எதுவும் கேட்கவில்லை. சோதனைப் பிரிவிலிருந்து ஒருவர், "எனக்கும் ஒரு தங்கை உண்டு. தினம் பேசுகிறோம். என் பக்கம் இந்தக் கோளாறு நிகழவில்லை" என்று பொறுப்போடு பதிந்தார்.

அதே மதியம் தங்கையும் ஒரு டிக்கெட் போட்டிருந்தாள். "அம்மா விஷயம்: முரண்பாடு." அண்ணன் பெயருக்கு. வரிசைக்காரர் விதியைப் பார்த்தார். ஒரே குறைக்கு இரண்டு டிக்கெட் இருக்கக்கூடாது. "ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று தங்கையுடையதை மூடி, அண்ணனுடையதோடு கோத்துவிட்டார். திரை மேடம் தன் மேசையில் இருந்தபடியே, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "இதுலயும் அவன்தான் முன்னாடியா?" என்றார்.

பிறகு அண்ணனின் டிக்கெட்டில் இப்படி எழுதினார்: "உங்கள் முறையீட்டில் 'அறுவை சிகிச்சை' இரண்டு இடங்களில் பிரித்தும் ஓரிடத்தில் சேர்த்தும் எழுதப்பட்டுள்ளது. கவனிக்கவும். மேலும், ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக் கேட்டு மாற்றுகிறவர் அப்பாவின் விஷயத்தில் யாரைக் கேட்டார்?"

கம்பெனியில் அன்று யாரும் வேலை செய்யவில்லை. எல்லாரும் அவரவர் திரையில் அந்த வரியைத் திறந்துவைத்துக்கொண்டு, கோடு சார் என்ன பதில் எழுதப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

கோடு சார் முதல் வரியைப் படித்தார். முகம் சிவந்தது. தான் எழுதியதில், அதுவும் மூன்றே வரியில், ஒரே சொல் இரண்டு விதமாக! அவர் தன் முறையீட்டைத் திறந்தார். ஒவ்வோர் இடமாகப் போய் நின்று, முன்னும் பின்னும் படித்து, யோசித்து, மூன்றையும் ஒன்றாக்கினார். "சுட்டிக்காட்டியமைக்கு நன்றி. திருத்தப்பட்டது" என்று எழுதினார். திருத்தப்பட்டது என்று எழுதினால் டிக்கெட்டின் நிலை தானாக மாறும். அம்மாவின் மேல் பச்சை நிறத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று விழுந்தது.

கூடத்தில் யாரோ "ஐயையோ" என்றார்கள். அவருக்குக் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அம்மா மகளிடம் கேட்டார், "அவன் என்னடி சொல்றான்?" மகள் சொன்னாள், "தீர்த்துட்டான்மா."

இரண்டு நாள் போனது. வாரம் முடிய ஒரு நாள் மிச்சம். கோடு சார் தங்கையிடமிருந்து பதில் வருமென்று காத்திருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கணினியைத் திறந்து பார்ப்பார். அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். வருகிறவர்களை உட்காரவைத்து, சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கண்ணை அளப்பவர். காய் நறுக்கிய ஈரக் கையோடு பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார்.

"என்னங்க இது?"

"இன்னும் பதில் போடலை. பாத்தியா அவ பிடிவாதத்தை."

"பதில் யார் போடணும்? கேள்வி உங்களைத்தானே கேட்டிருக்கு?"

"அதுக்குத்தான் உடனே திருத்திட்டேனே. மூணு இடத்துலயும்."

மனைவி ஈர விரலைத் திரையில் வைத்தார். "இது முதல் வரி. இதுக்குக் கீழே ஒரு வரி இருக்கு. தெரியுதா, இல்ல பவரைக் கூட்டணுமா?"

கோடு சார் படித்தார். மறுபடி படித்தார். அந்த வரியில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அதனால்தான் அவர் கண்ணுக்கு அது தென்படவே இல்லை.

"மத்தவங்களை எழுத்தைப் பாக்க வைக்கிறது என் வேலை" என்றார் மனைவி, குரல் தணிந்து. "எழுத்தைத் தவிர எதையும் பாக்க மாட்டேங்கிறது உங்க வேலை. நாளைக்கு அவளைப் போய்ப் பாருங்க. காலோட போங்க, டிக்கெட்டோட போகாதீங்க."

மறுநாள் காலையில் கோடு சார் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேரே அலுவலகம் வந்து, கண்ணாடிக் கதவின் முன் நின்றார். அட்டையைக் காட்டினார். கதவு திறக்கவில்லை. அந்தக் கூடத்துக்குள் போக அனுமதி வேண்டும் என்று அவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எழுதிக் கேட்டதில்லை. கண்ணாடியைத் தட்டினார். உள்ளே தங்கை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினார். வரிசைக்காரர் எழுந்து வந்து, தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். விதிப்படி அது குற்றம். அவர் பணி வாழ்க்கையில் செய்த ஒரே குற்றம் அதுதான் என்று கருத இடமிருக்கிறது.

"என்ன? டிக்கெட் போடலையா?" என்றாள் தங்கை.

"இதுக்கு அதுல இடம் இல்ல, பாப்பா."

புதிதாகச் சேர்பவர்கள் பெயர் சொல்லக்கூடப் பயப்படும் திரை மேடம் பாப்பா என்று அழைக்கப்பட்டதைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர் குனிந்து ஷூவின் கயிற்றைத் தேடினார். அவர் செருப்புத்தான் போட்டிருந்தார்.

"நீ எழுதினதை நேத்துதான் படிச்சேன்."

"எழுதி மூணு நாளாச்சு."

"முதல் வரியோட நின்னுட்டேன்."

"தெரியும். நிப்பேன்னு தெரிஞ்சுதான் அதை முதல் வரியா வெச்சேன். தாண்டி வர்றியான்னு பாக்கலாம்னு."

அண்ணன் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "யாரையும் கேக்கலை" என்றார். "உனக்குப் போன் பண்ணினேன், கிடைக்கலைன்னு சொன்னதெல்லாம் பொய். பண்ணவே இல்ல. கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ. நீ வேணாம்னு சொன்னா எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போயிடும். அதான், ஒரே அமுக்கா அமுக்கிட்டேன்."

"நீ பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? போன் என் கையிலதானே இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கலை?"

"நீயா சொல்லணும்னுதான்." தங்கை மேசையில் இருந்த பேனாவை மூடினாள், திறந்தாள். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அப்பவும் அப்பா போயிருப்பார், கொஞ்ச நாள் கழிச்சு. ஆனா அன்னிக்கு ராவோட ராவா வண்டி பிடிச்சு வந்திருப்பேன். பக்கத்துல இருந்திருப்பேன். அவ்வளவுதான்."

அண்ணன் தலையை ஆட்டினார்.

தங்கை பேனாவைக் கீழே வைத்தாள். "இப்ப ஏன் வேணாம்ங்கிற?"

"பயமா இருக்கு. காலையில அம்மாவுக்கு எப்படி மூச்சு வாங்குது, பாத்திருக்கியா நீ?"

"மூச்சா? எப்ப? சாயங்காலம் நல்லாத்தானே இருக்காங்க. அழறதைத் தவிர."

"அழறாங்களா?"

"தினம். படுத்தபடியே எல்லாத்தையும் பண்ண வேண்டியிருக்கேன்னு. உனக்குத் தெரியாதா?"

"என்னைப் பாத்தா சிரிக்கிறாங்களே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே அம்மாவை அவர் காலைப் பக்கமாகவும் அவள் மாலைப் பக்கமாகவும் படித்திருந்தார்கள். முழுசாகப் படித்தவர் யாரும் இல்லை.

பஸ்ஸில்தான் போனார்கள். எலும்பு டாக்டர் இருவரையும் சேர்த்துப் பார்த்துத் திகைத்தார். காலையில் மூச்சு வாங்கும் விஷயத்தை அண்ணன் சொன்னதும், "இதை யாரும் சொல்லவே இல்லையே" என்றார். "சாயங்காலம் பாக்கிறப்ப எல்லாம் நல்லா இருந்துச்சு. இதய டாக்டர் இன்னொரு தடவை பாக்கட்டும். எப்படியும் முழு மயக்கம் வேணாம், இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுப் பண்ணலாம்னுதான் சொல்லியிருந்தேனே."

"எப்ப சொன்னீங்க?" என்றார் அண்ணன்.

"சாயங்காலம் சொன்னேன். இவங்ககிட்ட."

தங்கை தரையைப் பார்த்தாள். டாக்டருக்கும் அந்த அட்டவணை ஒட்டிக்கொண்டிருந்தது.

இதய டாக்டர் பார்த்தார். நெஞ்சில் நீர் சேர்ந்திருக்கிறது, மருந்து கொடுத்து ஒரு நாள் பொறுத்துச் செய்தால் தாங்கும் என்று நினைக்கிறேன் என்றார். உறுதியாகச் சொல்வாரா என்று அண்ணன் கேட்டார். முடியாது என்றார். இருவரும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பலகையில் 'எக்ஸ்ரே' என்றும், அதன் கீழே அம்புக்குறியோடு 'எக்ஸ்-ரே' என்றும் எழுதியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களை அறிந்தவர்களுக்கு, அந்தப் பெஞ்சில் எவ்வளவு பெரிய பாரம் உட்கார்ந்திருந்தது என்பது இதிலிருந்தே விளங்கும்.

"நீ சொல்லு" என்றார் அண்ணன். "இந்தத் தடவை நான் கேக்கறேன்."

"பண்ணலாம்" என்றாள் தங்கை. "உனக்கு?"

அவர் முன்னும் பின்னும் யோசித்தார். வழக்கமான நேரம் எடுத்துக்கொண்டார். தங்கை அவசரப்படுத்தவில்லை.

"பண்ணலாம்" என்றார்.

அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். திறந்தபோது கட்டிலின் ஒரு பக்கம் மகன், மறு பக்கம் மகள். அவர் ஜன்னலைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைத் தேடினார். குழம்பிப்போய்க் கேட்டார், "இப்பக் காலையா, சாயங்காலமாடா?"

"மத்தியானம்மா" என்றாள் மகள்.

"ஓ" என்றார் அம்மா. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மத்தியானம் ஒண்ணு இருக்கு, இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேனா கேட்டார்.

அறுவை சிகிச்சை நடந்தது. இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது என்பதால், உள்ளே இருந்தவர்களை எல்லாம் தள்ளி நிற்கும்படி அம்மா அதட்டிக்கொண்டே இருந்ததாக நர்ஸ் வெளியே வந்து புகார் சொன்னார். இதயம் ஓரிடத்தில் தடுமாறியது, பிறகு சமாளித்துக்கொண்டது என்பதையும் அவரே சொன்னார். ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். இருவரும் எழுந்தார்கள். "ஒருத்தர்னு சொன்னேன்" என்றார் நர்ஸ். இருவரும் போனார்கள். இதில் மட்டும் அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

அம்மா இப்போது நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பழைய நடை திரும்பவில்லை, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனும் தங்கையும் 'சேமி'க்கும் 'சேமிக்கவும்'க்கும் இன்னும் சண்டை போடுகிறார்கள், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நேருக்கு நேராக. அலுவலகத்தில் சத்தம் தாங்கவில்லை, டிக்கெட் காலமே தேவலை என்ற கருத்து பரவி வருகிறது.

பச்சை நிறத்தில் தீர்க்கப்பட்டது என்று விழுந்திருந்த அந்த டிக்கெட்டைக் கோடு சார் மறுபடி திறந்து வைத்திருந்தார். ஒரு நாள் வரிசைக்காரர் வந்து நின்றார். "சார், அம்மா நடக்கிறாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க. இப்பவாவது மூடிடலாமா? நிலுவைக் கணக்குல தொங்கிட்டே இருக்கு."

கோடு சார் பொத்தானில் விரலை வைத்தார். எடுத்தார். எழுந்து அடுத்த கூடத்துக்குப் போய்த் தங்கையைக் கேட்டார். "அம்மாவைக் கேளு" என்றாள் அவள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து போனபோது அவர் அம்மாவைக் கேட்டார்.

அம்மா சட்டத்தின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு யோசித்தார்.

"மூடினா என்ன ஆகும்?"

"முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அப்ப வேணாம்டா. முடிஞ்சுதுன்னு ஆயிட்டா நீ காலையிலயும் அவ சாயங்காலமும்னு மறுபடி ஆரம்பிச்சுடுவீங்க. திறந்தே கிடக்கட்டும். நகரு, வழியை மறைக்காதே."

கம்பெனியின் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் வரிசைக்காரர் இன்றுவரை கடைசி வரியாக எழுதி வருகிறார்: நிலுவை, ஒன்று. அம்மா. அதற்குக் காரணம் என்ன என்ற இடத்தில், கேட்டாகிவிட்டது, மூட வேண்டாமாம் என்று எழுதுகிறார்.